பழைய வீட்டுக் கடைக்காலும் மாடி மழைநீரும்: வாசகர் கேள்வி பதில்

மொட்டை மாடியிலும் ஓட்டுக் கூரையிலும் விழும் மழைநீரை உறிஞ்சு குழியில் இறக்குவது பற்றி, 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வீடுகளில் குடியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பதில் அளிப்பவர், பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற ஒரு கட்டடப் பொறியாளர்.

கேள்வி: 1930-களில் என் தாத்தா கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் வசிக்கிறோம். மாடித் தண்ணீர் நான்கு குழாய்கள் வழியாகப் பக்கவாட்டுச் சந்தில் விழுந்து தெருவுக்கு ஓடிவிடுகிறது. ஒவ்வொரு குழாயின் அடியிலும் 5 அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி ஜல்லி கொட்டிவிடலாம், இரண்டு நாள் வேலைதான் என்கிறார் ஒப்பந்தக்காரர். சந்தின் அகலம் 3 அடி. சம்மதிக்கலாமா? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: சம்மதிக்க வேண்டாம். மழைநீரை மண்ணுக்குள் அனுப்ப வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானது. குழாய் எங்கே இறங்குகிறதோ அங்கேயே குழி என்ற ஒப்பந்தக்காரரின் யோசனைதான் தவறானது.

முதலில் உங்கள் வீடு எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்போம். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திக் குறுக்குச் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இடித்து, கடைசியில் தட்டோடு பதித்த கூரை. இந்தக் கூரை கனமானது. அதன் பாரம் முழுவதும் சுவர் வழியாகவே இறங்குகிறது. சுவரும் சரி, மண்ணுக்குள் படிப்படியாக அகன்று செல்லும் கடைக்காலும் (அஸ்திவாரமும்) சரி, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த கட்டுமானங்களே. இன்று கட்டப்படும் வீடுகளில் கான்கிரீட் தூண்களையும் அவற்றை இறுக்கிப் பிடிக்கும் அடிமட்ட உத்தரங்களையும் வைக்கிறோம். ஓரிடத்தில் மண் சற்று இளகினாலும் அந்த உத்தரம் பாரத்தைப் பக்கத்துத் தூணுக்குத் தள்ளிவிடும். உங்கள் வீட்டில் அப்படிப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கடைக்காலின் ஒரு பகுதி கால் அங்குலம் இறங்கினாலே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல் விழுந்துவிடும்.

குழாயடியில் தோண்டிய குழி இதைத்தான் வரவழைக்கிறது. மணற்பாங்கான இடமாக இருந்தால், வேகமாக இறங்கும் நீர் பொடி மணலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்க் கடைக்காலின் அடியில் பொள்ளல் உண்டாக்கும். களிமண்ணாக இருந்தால், மாதக்கணக்கில் ஊறி இளகிப் பாரம் தாங்கும் வலுவை இழக்கும். இவை இரண்டையும் விடப் பொதுவான தொல்லை ஒன்று உண்டு: அந்தக் காலத்துச் சுவர்கள் பலவற்றில் ஈரம் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஓயாமல் ஈரமாக இருக்கும் மண்ணிலிருந்து தண்ணீரைச் செங்கல் உறிஞ்சி மேலே அனுப்ப, இரண்டு மூன்று அடி உயரத்தில் உப்புப் பூத்துப் பூச்சு உதிரத் தொடங்கும்.

ஆகவே முதல் வேலையாக, குழாய்கள் இல்லாத ஒரு மூலையில், சுவரை ஒட்டி 2 அடி அகலத்தில் கடப்பாரையை ஓங்கி இறக்காமல் மெதுவாகத் தோண்டி, கடைக்கால் எந்த ஆழத்தில் முடிகிறது, எவ்வளவு அகன்றிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கே மண்ணை அடுக்கடுக்காகத் தட்டி மூடிவிடுங்கள். இத்தகைய வீடுகளில் 3 முதல் 4 அடி ஆழத்தில் கடைக்கால் முடிவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கடைக்காலின் அடி விளிம்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் வெளியே கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தால், எந்தக் குழியும் அந்தக் கோட்டுக்குக் கீழே புகக் கூடாது. அது பாரம் தாங்கும் மண். ஆனால் இது குழி வெட்டும்போது மண் சரியாமல் இருப்பதற்கான விதி மட்டுமே. நாள்தோறும் தண்ணீர் நிற்கப்போகும் குழிக்கு இன்னும் தள்ளிப் போக வேண்டும். இங்கிலாந்தில் இத்தகைய குழிகளைக் கட்டடத்திலிருந்து 5 மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊர் மனைகளில் அதற்கு இடமிருக்காது என்பதால், பழைய வீட்டுக்கு 10 அடி என்பதை நான் கீழ்வரம்பாக வைத்துக்கொண்டிருக்கிறேன். 3 அடிச் சந்து அதற்கு எந்த வகையிலும் இடம் தராது.

உங்கள் வீட்டுக்குப் பின்கட்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு குழாய்களையும் 160 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றில் இணைத்து, சந்தின் வழியே 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் சாய்வு கொடுத்துப் பின்பக்கம் கொண்டுசென்று, அங்கே சுவரிலிருந்து தள்ளி ஒரே குழியாகப் போடுங்கள். திருப்பம் வரும் இடங்களில் திறந்து பார்க்கச் சிறு தொட்டி கட்டாயம் வேண்டும். மண்ணுக்குள் புதைந்த குழாயின் இணைப்பு சுவரோரத்தில் கசிந்தால், குழாயடிக் குழியால் வரும் கேடு அத்தனையும் கண்ணுக்குத் தெரியாமலே வந்து சேரும்.

ஒப்பந்தக்காரர் உங்களிடம் சொல்லாத ஒன்றையும் கேட்டு வையுங்கள்: குழி நிரம்பினால் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுத் தரைமட்டத்துக்கு நன்கு கீழே, ஆனால் குழியின் நுழைவாயைவிட மேலே இருக்குமாறு, சந்தின் தெருப்பக்க முனையில் அந்தக் குழாயில் ஒரு கிளை வைத்துவிட்டால், குழி நிரம்பியதும் நீர் குழாயிலேயே பின்வாங்கி அந்தக் கிளை வழியாகத் தெருவுக்குப் போய்விடும். இந்தக் கிளை இல்லாத குழியை நான் குழியாகவே கணக்கில் வைப்பதில்லை.

கேள்வி: எங்கள் வீடு 1970-களில் கட்டியது. மாடி 1,000 சதுர அடி. 3 அடிக்கு 3 அடி அகலத்தில், 5 அடி ஆழத்தில் ஒரு குழி போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் பகுதி முழுக்கக் களிமண். எத்தனை குழிகள் வேண்டும்? (கே.கே. நகர் வாசகி)

பதில்: கணக்கு எளிது, 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். உங்கள் மாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். நாளிதழில் ‘10 செ.மீ. மழை’ என்று படிக்கும் நாளில் உங்கள் மாடியில் மட்டும் 9,300 லிட்டர் விழுகிறது; கோடையில் நாம் காத்துக் கிடந்து வாங்கும் 9,000 லிட்டர் லாரி ஒன்று முழுதாக மாடியில் கவிழ்வதற்குச் சமம். 2015 டிசம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 29 செ.மீ. பதிவானதே, அந்த அளவு என்றால் 27,000 லிட்டர்.

இப்போது குழிக்கு வருவோம். உங்களுக்குச் சொன்ன அளவைவிடச் சற்றே பெரிதாக, 1 மீட்டருக்கு 1 மீட்டர் அகலத்தில் ஒன்றரை மீட்டர் ஆழக் குழி என்று வைத்தாலும், வெறுமையாக இருந்தால் 1,500 லிட்டர் கொள்ளும். ஜல்லியை நிரப்பியதும் மிஞ்சும் இடைவெளி 40 விழுக்காடு என்று வைத்தால் 600 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டும் மழையில் உங்கள் மாடியிலிருந்து வருவது 4,650 லிட்டர். குழியின் கொள்ளளவை மட்டும் வைத்துப் பார்த்தால் எட்டுக் குழிகள் வேண்டும். மணற்பாங்கான பெசன்ட் நகரிலோ திருவான்மியூரிலோ தண்ணீர் விழ விழ இறங்கிவிடும் என்பதால் அங்கே ஒன்றிரண்டு குழிகள் போதுமானதாக அமைகின்றன. அசோக் நகர், கே.கே. நகர் பக்கத்துக் களிமண்ணில் அந்தக் கணக்கு செல்லாது. ‘எல்லோரும் சொல்லும்’ அளவு பெரும்பாலும் மண் வேறாக இருக்கும் இன்னொருவர் வீட்டிலிருந்து வந்த அளவாகவே இருக்கும்.

உங்கள் மண்ணை நீங்களே சோதிக்கலாம். குழி வரப்போகும் இடத்தில் 3 அடி ஆழம் வெட்டி, அதன் அடியில் 1 அடிச் சதுரமாக இன்னும் 1 அடி இறக்குங்கள். முதல் நாள் மாலை அதில் தண்ணீர் ஊற்றி இரவு முழுதும் ஊறவிடுங்கள். காய்ந்த களிமண் முதல் குடத்தை ஆசையோடு குடித்து நம்மை ஏமாற்றிவிடும். மறுநாள் காலையில் மீண்டும் 1 அடி உயரம் நிரப்பி, அங்குலம் குறித்த குச்சி ஒன்றை நட்டு, அரை மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதுங்கள். மணலில் சில நிமிடங்களிலேயே குழி காலியாகிவிடும். ஒரு மணி நேரத்தில் ஓரங்குலம்கூட இறங்கவில்லை என்றால், மேலோட்டமான குழியை நம்பிப் பயனில்லை.

அப்படியானால் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, உங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களிடம் எத்தனை அடியில் மணல் வந்தது என்று விசாரித்து, எட்டும் ஆழத்தில் இருந்தால் களிமண்ணைக் கடந்து மணல் வரைக்கும் சிமென்ட் உறைகளை (வளையங்களை) இறக்கலாம். அல்லது குழியின் அடியிலிருந்து துளையிட்ட குழாய் ஒன்றை மணல் அடுக்குக்குள் செலுத்தலாம். இரண்டாவது, மண்ணை மறந்துவிட்டு நீரைத் தொட்டியில் சேர்ப்பது. 5,000 லிட்டர் தரைத்தொட்டி இருக்கும் வீடு, தெளிந்த மழைநீரை அதில் விட்டு, மிச்சத்தை மட்டும் வெளியேற்றினால், களிமண் பகுதியில் அதுவே நல்ல பலன் தரும் ஏற்பாடு.

கேள்வி: 2003-இல் போட்ட குழி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளாகத் தண்ணீர் இறங்காமல் குளம்போல் நிற்கிறது. புதிதாகத் தோண்ட வேண்டுமா? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஆண்டு அது. அந்த அவசரத்தில் ஒழுங்காகப் போடப்பட்ட குழிகளும் உண்டு. அதிகாரிக்குக் காட்டுவதற்காகக் குழாயின் முனையை மண்ணில் செருகி வைத்தவையும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். எங்கள் வீட்டில் அந்த ஆண்டு போட்ட குழியைப் பதினைந்து ஆண்டுகள் நானும் திறந்து பார்க்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்பவனின் வீட்டு நிலை அதுதான். ஒரு மழையில் தண்ணீர் வழிந்து வாசல்படி வரை வந்த பிறகு ஆள் வைத்துத் தோண்டினோம். மேல் மணலின்மேல் நான்கு விரற்கடை கனத்துக்குக் கருப்பு வண்டல், பாய்போல உரிந்து வந்தது. அதற்குள் வேப்பங்கொட்டைகள், மட்கிய இலை நரம்புகள், ஒரு பால் பாக்கெட், பிள்ளைகள் தொலைத்த கோலிக்குண்டு ஒன்று. மணலை அள்ளிய பிறகு கீழே செங்கல் ஜல்லி இருக்க வேண்டும். இருந்தது செங்கல் நிறத்துச் சேறு. சரியாக வேகாத செங்கல்லை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். அது ஆண்டுக்கணக்கில் ஊறிக் கரைந்து குழியின் அடியைத் தளம் போட்டதுபோல் அடைத்துவிட்டது. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்த அந்தச் செஞ்சேற்றைப் பார்த்த பிறகு, செங்கல் ஜல்லியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கருங்கல் ஜல்லியோ கூழாங்கல்லோ போதும்.

உங்கள் குழியில் வண்டல் மட்டுமே அடைப்பு என்றால், மேல் 1 அடி மணலை எடுத்துவிட்டுப் புது மணல் போட்டாலே சரியாகிவிடும். மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே நைலான் வலை ஒன்றை விரித்துவிட்டால், அடுத்த தடவை வலையோடு தூக்கி எடுத்துவிடலாம். ஜல்லியே கெட்டிருந்தால் முழுவதையும் அள்ளிவிட்டு, நிரப்பாமல் உறைகளை மட்டும் இறக்கி, துளையிட்ட மூடி போட்டுவிடுங்கள். நிரப்பாத குழியில் தண்ணீரும் அதிகம் கொள்ளும், தூர்வாருவதும் எளிது. எதுவானாலும் புரட்டாசி முடிவதற்குள் ஆண்டுதோறும் மாடியைக் கூட்டிப் பெருக்கிக் குழியின் மேல்மணலைக் கிளறிவிட வேண்டும். ஐப்பசி அடைமழையில் திறந்து பார்த்துப் பயனில்லை.

கேள்வி: பின்புறத்தில் பாட்டி காலத்து உறைகிணறு மூடிக் கிடக்கிறது. அதையே மழைநீர்க் குழியாகப் பயன்படுத்தலாமா, அல்லது மண்ணடித்துத் தூர்த்துவிட்டு மேலே புதிதாகப் போடலாமா? (திருவல்லிக்கேணி வாசகி)

பதில்: தயவுசெய்து தூர்க்காதீர்கள். இன்றைக்குப் பெருஞ்செலவில் உறை இறக்கிச் செய்வதை உங்கள் பாட்டியின் தலைமுறை ஏற்கெனவே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கடற்கரையை ஒட்டிய மணற்பகுதியில் அந்தக் கிணறு நிலத்தடி நீரோடு நேராகத் தொடர்புடையது. மாடியின் நன்னீர் அதில் இறங்க இறங்க, அடியில் இருக்கும் உப்புநீரை மேலே வரவிடாமல் அமுக்கி வைக்கும்.

ஆனால் கிணறு என்பதால் குழியைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். குழியில் விழும் அழுக்கை மண் வடிகட்டும். கிணற்றில் விழுவது நேரே ஊற்றுக்குப் போய்விடும். ஆகவே கிணற்றுக்கு முன்னால் 2 அடிச் சதுரத்தில் 3 அடி ஆழத்துக்கு ஒரு தொட்டி கட்டி, கீழே கூழாங்கல்லும் மேலே மணலும் போட்டு, அதில் வடிந்த நீரை மட்டும் கிணற்றுக்குள் விடுங்கள். மாடிக் குழாயில் ஒரு திறப்பு வைத்து, பருவத்தின் முதல் ஒன்றிரண்டு மழைகளைப் பறவை எச்சமும் புழுதியும் போகும்வரை வெளியே விட்டுவிடுங்கள். கிணற்றுக்குள் நுழையும் குழாயின் முனையை முழங்கைத் திருப்பம் போட்டுக் கீழ்நோக்கித் திருப்பி, சுவரில் அறையாமல் நடுவில் விழும்படி செய்யுங்கள். பழைய உறைகளின் இணைப்பிலிருந்து மணல் அரித்துக்கொண்டு வருவது அப்படித்தான் தொடங்கும். கிணற்றின் வாயைக் கொசு புகாத நைலான் வலையால் மூடுங்கள். சமையலறை நீரோ குளியலறை நீரோ அதில் சேரவே கூடாது.

பல ஆண்டுகள் மூடியிருந்த கிணற்றைத் தூர்வார ஆளை உடனே இறக்கிவிடாதீர்கள். உள்ளே பிராணவாயு குறைந்தோ நச்சுவாயு தேங்கியோ இருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்க, காப்பாற்றக் குதித்தவரும் மடிந்த செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். மெழுகுவர்த்தி எரிகிறதா என்று பார்ப்பது போதாது. நச்சுவாயு இருக்கும்போதும் அது எரியும். வாயுவை அளக்கும் கருவியும் இடுப்புக்கயிறும் மேலே காவலும் உள்ள ஆட்களைத் தவிர வேறு யாரையும் இறக்காதீர்கள். வாளியும் கயிறும் கொண்டு மேலிருந்தே எவ்வளவு அள்ள முடியுமோ அவ்வளவு அள்ளினாலும் தாழ்வில்லை.

கேள்வி: எங்களுடையது அக்ரகாரத்து வீடு. 20 அடி அகலம், இருபுறமும் பொதுச்சுவர். நான்கு பக்க ஓட்டுத் தண்ணீரும் கூடல்வாய் வழியாக முற்றத்தில் விழுந்து, தரைக்கடியில் உள்ள பழைய சாலகம் வழியாகத் தெருவுக்குப் போகும். இப்போது தெருவை உயர்த்தி உயர்த்திப் போட்டதில், மழை பெய்தால் தெருத் தண்ணீர் முற்றத்துக்கு வருகிறது. முற்றத்தின் நடுவிலேயே ஒரு குழி போட்டுவிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: முற்றம் வேண்டாம். முற்றத்தைச் சுற்றி நிற்கும் மரத்தூண்கள் ஒவ்வொன்றும் தாழ்வாரக் கூரையின் பாரத்தைச் சிறு கல்லொன்றின்மேல் இறக்கி நிற்கின்றன. நடுவில் தண்ணீரை ஊறவைத்தால் அந்தக் கற்கள் ஒன்றுபோல் இறங்காது. தவிர, ஐப்பசி, கார்த்திகையில் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வந்துவிடும் என்பதை உங்கள் கொல்லைக் கிணறே காட்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 3 அடியாவது உலர்ந்த மண் இல்லை என்றால், குழிக்குத் தண்ணீரை உறிஞ்ச இடமே இருக்காது. கார்த்திகையில் கிணற்றில் எத்தனையாவது அடியில் தண்ணீர் நிற்கிறது என்று ஒரு பருவம் முழுவதும் குறித்து வையுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, சாலகத்தின் தெருப்பக்க வாயைக் கட்டி அடைத்துவிட்டு, முற்றத்து நீரைக் கொல்லைப்பக்கம் திருப்புவது. இத்தகைய வீடுகளின் நீளம் 100 அடிக்கும் மேல் போவதால் சாய்வு கிடைக்கிறதா என்பதை நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தரையைத் தொட வேண்டும். கொல்லை மேடாக இருந்தால், முற்றத்து மூலையில் சிறு சேகரிப்புத் தொட்டி ஒன்றைத் தண்ணீர் கசியாதபடி கட்டி, மோட்டார் வைத்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. மின்சாரம் போகும் நேரத்தில்தான் மழையும் கொட்டும் என்பதால் தொட்டியைத் தாராளமாகவே கட்டுங்கள். கொல்லையிலும் பொதுச்சுவரிலிருந்து தள்ளியே குழி இருக்கட்டும். அது உங்கள் சுவர் மட்டுமல்ல. கூடல்வாய்க்கு அடியில் பித்தளை அண்டா வைத்துத் தண்ணீர் பிடித்த பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். மண்ணுக்கு அனுப்ப வேண்டிய நீரின் அளவை அதுவும் குறைக்கிறது.

கேள்வி: மலைச்சரிவை வெட்டிக் கட்டிய பழைய வீடு. பின்னால் 12 அடி உயரத் தடுப்புச்சுவர். சுவருக்கு மேலே உள்ள மேட்டில் உறிஞ்சு குழி போடலாம் என்கிறார்கள். (குன்னூர் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. தடுப்புச்சுவருக்குப் பின்னால் உள்ள மண்ணில் தண்ணீர் ஏற ஏற, சுவரைத் தள்ளும் விசையும் ஏறுகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் நேர்ந்த மண்சரிவுகளைக் கண்ட ஊர்க்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கூரை நீரைக் குழாயில் அடைத்து, சரிவுக்குக் கீழே உள்ள கல்கட்டிய ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். தடுப்புச்சுவரின் கசிவுத் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: கரிசல் மண். வீட்டுக்கு 50 வயது. சித்திரையில் சுவரில் விரிசல் திறக்கிறது, மழைக்காலத்தில் மூடிக்கொள்கிறது. மழைநீரைச் சுவரோரமே இறக்கினால் மண் எப்போதும் ஈரமாக இருக்கும், விரிசல் வராது என்று ஒருவர் யோசனை சொன்னார். (கோவில்பட்டி வாசகர்)

பதில்: யோசனை சொன்னவர் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டு மருந்தைத் தப்பாகக் கொடுத்திருக்கிறார். கரிசல் மண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கடைக்கால் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஈரம் மாறாமல் இருந்தால் சுவர் அசையாது என்பது உண்மைதான். ஆனால் குழியால் ஈரம் மாறாமல் இருக்காது. மழை பெய்யும் இரண்டு மாதம் ஒரு மூலை மட்டும் ஊறும், பிறகு பத்து மாதம் காயும். இப்போது வீடு முழுவதும் ஓரளவு சேர்ந்து அசைவது போய், அந்த மூலை மட்டும் தனியாக அசையத் தொடங்கும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது: வீட்டைச் சுற்றி 4 அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்ந்த தளவரிசை போட்டு, கூரை நீரைக் குழாயில் பிடித்துத் தொட்டியில் சேருங்கள். கரிசலில் தண்ணீர் எளிதில் இறங்காது என்பதால் உறிஞ்சு குழியால் உங்களுக்கு வேறு நன்மையும் இல்லை. சுவரோரம் வேப்பமரம் இருந்தால் எழுதுங்கள். கோடையில் மண்ணை இன்னும் உலர்த்துவது அதன் வேராகவும் இருக்கலாம்.

கேள்வி: கழிவறைத் தொட்டியின் உறிஞ்சு குழி சும்மாதானே இருக்கிறது. மாடித் தண்ணீரையும் அதில் விட்டால் ஒரு குழிச் செலவு மிச்சமாகாதா? (திருச்சி வாசகர்)

பதில்: ஆகாது. ஒரு பெருமழையில் அந்தக் குழி நிரம்பி, கழிவுநீர் உங்கள் கழிவறை வழியாகவே திரும்பி வரும். மழைநீரோடு சேர்ந்து வெகுவேகமாகக் கிணற்றுக்கும் போகும். கழிவுநீர்க் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்று சொல்லப்படுவது, தண்ணீர் மெல்ல மண்ணில் வடிந்து செல்லும் என்ற நம்பிக்கையில்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டார் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சுவரை ஒட்டி மழைநீர்க் குழி போட்டார்கள். அதிலிருந்து எங்கள் சுவரில் ஓதம் ஏறுகிறது. குழிதான் காரணம் என்று நாங்கள் சொன்னால், உங்கள் வீடு பழசு, அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். எப்படி உறுதிசெய்வது? (மதுரை வாசகி)

பதில்: இரு தரப்பும் சரியாக இருக்கக்கூடிய வழக்கு இது. ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாத பழைய சுவர் குழியே இல்லாவிட்டாலும் ஓரளவு ஈரம் உறிஞ்சும். அதிலும் சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டு சிமென்ட் பூசியிருந்தால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். ஆகவே வாய்ச்சண்டைக்கு முன்னால் சுவரிடமே கேட்டுவிடுங்கள்.

ஈரம் தெரியும் எல்லையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அருகில் தேதியை எழுதுங்கள். குழிக்கு நேரே ஒன்று, அதிலிருந்து 6 அடி தள்ளி ஒன்று, வீட்டின் மறுபக்கச் சுவரில் ஒன்று என்று மூன்று இடங்களில் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். மழைக்குப் பின் குழிக்கு நேரேயுள்ள கோடு மட்டும் ஏறி, பங்குனி சித்திரையில் இறங்கினால் குழியின்மேல் சந்தேகப்படலாம். மூன்றும் ஒன்றுபோலவே இருந்தால், அது தரை ஈரம். ஆண்டு முழுவதும் ஒரே உயரத்தில் அசையாமல் நின்றால் உங்கள் குளியலறைக் குழாயைச் சோதியுங்கள். பக்கத்து வீட்டாரோடு பேச்சு முறிந்த பிறகு தங்கள் வீட்டுக் குழாயிலேயே கசிவைக் கண்டுபிடித்த குடும்பங்களை நான் அறிவேன்.

கோடையில், அவர்களும் உடன்பட்டால், அந்தக் குழியில் ஒரு நாளைக்கு ஐந்தாறு டிரம் வீதம் மூன்று நாட்கள் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் ஏறினால், இரு வீட்டாரும் ஒன்றாக நின்று பார்த்த சான்று அது. அதன் பிறகு அவர்கள் செய்ய வேண்டியது குழியை மூடுவது அல்ல. அதே குழாயை நீட்டி, தங்கள் மனையின் மறுகோடிக்குக் குழியை மாற்றுவது. பழைய குழியை அப்படியே விட்டுவிடாமல், ஜல்லியை அள்ளிவிட்டு மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி மூடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தரையில் விழும் மழை அந்த ஜல்லிக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். சுவர் முழுவதும் காய்வதற்கு இரண்டு கோடைகள்கூட ஆகலாம் என்பதால், அதற்குள் புதுப்பூச்சுக்கு அவசரப்பட வேண்டாம். பூசும்போது கீழ் 4 அடிக்காவது சுண்ணாம்பையே கேட்டு வாங்கிப் பூசுங்கள்.